அரண்மனைக் கச்சேரி: தைபேய், லூகாங், நாரா

நாள் 1, தைபேய்

தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் 'அரண்மனை இசை' என்றொரு பட்டுத்துணி ஓவியம் இருக்கிறது. சீனத்தின் தாங் வம்சத்தில் (618–907), நடுப்பகுதியிலோ கடைசிப் பகுதியிலோ வரையப்பட்டதாகக் கருதப்படுகிறது. வரைந்தவரின் கையொப்பமோ முத்திரையோ அதில் இல்லை. உயரம் 48.7 செ.மீ., அகலம் 69.5 செ.மீ. அந்தச் சின்ன இடத்துக்குள் 12 பெண்கள், ஒரு பெரிய மேசை, ஐந்து வாத்தியங்கள், மேசைக்கடியில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு நாய். இந்தப் பயணம் முழுவதும் அந்த ஒரு படத்துக்காகத்தான்.

படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடலாம்: முகங்களில் நின்றுவிடாதீர்கள், கைகளைப் பாருங்கள். முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. தாங் காலத்தில் அழகென்று கொண்டாடப்பட்ட உருண்டை முகம், சிறிய வாய், கன்னத்தில் சிவப்பு. ஆனால் கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையில் இருக்கின்றன. எந்த வாத்தியம், எந்தக் காலம், என்ன பானம், எவர் தாளம் பிடிக்கிறார் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் கிடைக்கும்.

போகும் வழி எளிது. மெட்ரோவில் சிவப்புத் தடத்தைப் பிடித்து ஷிலின் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 'சிவப்பு 30' என்ற பேருந்தில் ஏறினால் அருங்காட்சியகக் கட்டட வாசலருகே விடும். மற்ற சில பேருந்துகள் கீழே சாலையிலேயே நிறுத்திவிடும். அங்கிருந்து நீளமான படிக்கட்டு ஏற வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 350 தைவான் டாலர்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அருங்காட்சியகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்து வருகிறார்கள். படம் சுவரில் இருக்காது. பட்டு ஓவியங்களைச் சில வாரங்கள் மட்டும் தொங்கவிட்டு, பிறகு நெடுங்காலம் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஓவிய அறைகளில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்கள் மாறும். 2015 இறுதியில் சியாயியில் திறந்த தெற்குக் கிளைக்கும் சில படங்கள் போய்வரும். ஆகவே விமானச் சீட்டு எடுக்கும் முன்பே அருங்காட்சியக இணையதளத்தில் அந்தக் காலாண்டின் ஓவியப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். படம் வெளியில் இல்லாத பருவத்தில் வருபவர்களும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அருங்காட்சியகமே இதன் தெளிவான படக்கோப்பை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதைப் பெரிதாக்கிக் கைபேசியில் வைத்துக்கொண்டால் நாளைக்குச் சொல்லப்போவதில் பெரும்பகுதியைச் சரிபார்க்கலாம்.

எடுத்துவர வேண்டியவை மூன்று. நான்கு மடங்கோ ஆறு மடங்கோ பெரிதாக்கும் சிறிய ஒற்றைக்கண் தொலைநோக்கி. அது அரை மீட்டருக்குள்ளும் குவிய வேண்டும், பறவை பார்க்கும் தொலைநோக்கிகள் இங்கே பெரும்பாலும் உதவாது. அடர்நிறச் சட்டை, ஏனென்றால் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தின் மேலேயே விழும். மூன்றாவது பொறுமை. பட்டின் நிறம் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்திருப்பார்கள், பொதுவாக 50 லக்ஸ் அளவில். வெளியிலிருந்து வந்தவுடன் படம் பழுப்பாகத்தான் தெரியும். ஐந்தாறு நிமிடம் அறையிலேயே நின்றால் கண் பழகி, சிவப்பு மெல்ல மேலெழும்.

நாள் 2, தைபேய்: மேசையும் பட்டும்

காலை 9 மணிக்கே போய்விடுவது நல்லது. சுற்றுலாக் குழுக்கள் முதலில் ஓடுவது பச்சைக்கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸைப் பார்க்க. ஓவிய அறைகள் அப்போது காலியாக இருக்கும்.

முதலில் தூரத்திலிருந்து வடிவத்தைப் பாருங்கள். தொங்கும் சுருள் ஓவியம் என்றால் பொதுவாக உயரம் கூடுதலாக, அகலம் குறைவாக இருக்கும். இது தலைகீழ். உயரத்தைவிட அகலம் அதிகம். அதனால்தான் இது முதலில் அரண்மனையில் வைத்திருந்த ஒரு மறைப்புத் தட்டியின் பகுதியாக இருந்து, பிற்காலத்தில் கழற்றிச் சுருளாக ஒட்டப்பட்டது என்று கருதுகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பார்க்கும் விதமே மாறும். தட்டி ஓவியம் என்பது அறையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் நிற்பது. அதனால் கொஞ்சம் குனிந்து, நாற்காலியில் அமர்ந்தவர் உயரத்திலிருந்து பாருங்கள். அந்த மேசையில் உங்களுக்கும் ஓரிடம் இருப்பதாகத் தோன்றும்.

மேசை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரையப்பட்டிருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் சிறுத்துப்போகும் முறை இதில் இல்லை. அது ஓவியர் அறியாமல் செய்ததல்ல. எதிர்ப்பக்கம் வாசிக்கும் நால்வரும் சிறுத்துவிட்டால் விரல்கள் தெரியாமல் போகும். கோணம் தாழ்ந்துவிட்டால் மேசைமேல் உள்ள கிண்ணங்கள் ஒன்றையொன்று மறைக்கும். எல்லாக் கைகளும் எல்லாப் பாத்திரங்களும் தெரியவேண்டும் என்பதற்காகத் தேர்ந்த கோணம் இது.

மேசையின் மேற்பரப்பைத் தொலைநோக்கியில் பாருங்கள். பலகை இல்லை, இழுத்துக் கட்டிய மூங்கில் பாய். பெண்கள் அமர்ந்திருப்பவை பிறை வடிவ இருக்கைகள், ஒரு பக்கம் உள்வளைந்து மறுபக்கம் வெளிவளைந்தவை. பட்டுத் துணியும் குஞ்சமும் சுற்றிய இந்த இருக்கை தாங் காலப் பெண்களின் படங்களில் திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் பொருட்கள்தான் படத்தின் வயதைத் திருத்தின. ஓவியத்தின் பழைய பெயர்ச்சீட்டில் இது யுவான் வம்ச ஓவியம் என்றுதான் எழுதியிருந்தது. அதாவது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டு. பிறகு கொண்டைகளைப் பார்த்தார்கள். ஒரு பக்கமாகச் சரிந்து விழும் கொண்டை, காதோரம் இருபுறமும் உருண்டையாகக் கட்டிய கொண்டை, பூ வேலைப்பாடு கொண்ட தலையணி: மூன்றும் தாங் காலத்து மோஸ்தர். அதோடு மூங்கில் பாய் மேசை, பிறை இருக்கை, இருபுறமும் காது வைத்த மதுக் கிண்ணம், வாத்தியத்தைப் பிடிக்கும் முறை என்று அடுக்கிப் பார்த்தபோது தாங் என்ற முடிவுக்கு வந்தார்கள். தனியாக எந்த ஒன்றும் போதுமான சாட்சியல்ல. பழைய உடையை, பழைய கொண்டையை எவரும் பின்னாளில் பார்த்து வரைய முடியும். மரச்சாமான், பாத்திரம், வாசிப்பு முறை என்று வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை ஒரே காலத்தைக் காட்டும்போதுதான் சாட்சி வலுக்கிறது.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு மேலான பட்டில் இந்த அளவுக்குச் சிவப்பு நிற்பது அரிது. ஓவியர் ஆடைகளுக்கு முதலில் வெள்ளைப் பொடியால் ஓர் அடிப்பூச்சு கொடுத்து, அது காய்ந்த பின்பு சிவப்பைக் கனமாக ஏற்றியிருக்கிறார். அடியில் உள்ள வெள்ளை, ஒளியைத் திருப்பி அனுப்பிச் சிவப்பை எடுப்பாகக் காட்டுகிறது. மேல்நிறம் பிடித்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அதன் மேல் பூ வேலை. மேலாடையின் பூக்களையும் தோளில் புரளும் நீண்ட துண்டின் பூக்களையும் இன்றும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம்.

கனமாகப் பூசிய கனிம நிறத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது விலங்குப் பசையால் ஒட்டியிருப்பது. சுருட்டும்போது பட்டு வளையும், பசை வளையாது. அங்கே மயிரிழை விரிசல் விழுந்து பொடி உதிரும். படத்தை அடிக்கடி வெளியே எடுக்காததற்கு வெளிச்சம் பாதிக் காரணம் என்றால், சுருட்டி விரிக்கும் இந்த வேலை மீதிக் காரணம்.

நாள் 3, தைபேய்: ஐந்து ஜோடிக் கைகள்

இன்று முழுவதும் வாத்தியக்காரர்கள். மேசையின் எதிர்ப்பக்கம், படத்தின் மேல்பகுதியில் நால்வர் வரிசையாக இருக்கிறார்கள். வலமிருந்து இடமாகப் போவோம்.

முதலாவது பிலி. சிறிய குழல், வாயில் பெரிய சீவாளி. நாதசுரத்தைப் போல இரட்டை நாக்குச் சீவாளிதான். ஆனால் குழல் கூம்பாக விரியாது, உள்துளை நேராகவே போகும். அதனால் குழலின் நீளத்துக்குச் சுருதி தாழ்ந்து ஒலிக்கும். நடு ஆசியாவின் குச்சா நகரத்து இசையோடு சீனத்துக்கு வந்தது. இதன் ஜப்பானிய வாரிசான ஹிச்சிரிக்கி 18 செ.மீ. நீளம்தான், முன்னால் ஏழு துளை, பின்னால் இரண்டு. ஆனால் கூட்டத்தில் அதன் குரல்தான் முதலில் கேட்கும். சீவாளி பெரிதாக இருப்பதால் உதட்டின் பிடியை மாற்றியே சுருதியை அங்குமிங்கும் இழுக்கலாம். கமகத்துக்கு நல்லது, கவனம் தவறினால் சுருதி விலகும். ஆகவே வாசிப்பவர் மற்ற வாத்தியங்களைக் கேட்டுக்கொண்டே ஊத வேண்டும். இரண்டு கை விரல்களும் குழலில் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியிருப்பதைப் பாருங்கள்.

அடுத்தது பிபா, கழுத்துள்ள தந்தி வாத்தியம். படத்தின் மிக முக்கியமான கை இவருடையது. இன்றைய சீனப் பிபா மடியில் செங்குத்தாக நிற்கும், ஐந்து விரல்களில் நகம் கட்டி மீட்டுவார்கள். இங்கே வாத்தியம் கிடையாக இருக்கிறது, வலக்கையில் விரிந்த முனையுள்ள ஒரு தகடு. அந்தத் தகட்டால்தான் தந்திகளை அடித்து மீட்டுகிறார். நான்கும் பட்டுத் தந்திகள். தகட்டடி தந்தியோடு நிற்காமல் வாத்தியத்தின் முகப்பிலும் விழும். அந்த இடம் தேயாமலிருக்கத் தோல் பட்டை ஒட்டியிருப்பார்கள். அதனால் இதன் ஓசையில் தந்தியின் நாதத்தோடு ஒரு தட்டும் சேர்ந்தே வரும். பாதி தாள வாத்தியம் என்றே சொல்லலாம்.

ஏன் கிடையாக? தகட்டை மேலிருந்து கீழாக, கையின் எடையோடு இறக்குவதற்கு அதுதான் வசதி. அதற்கு ஒரு விலையும் உண்டு. கழுத்தைத் தாங்கும் வேலை இடக்கைக்கு வந்துவிடுகிறது. அது மேலும் கீழும் தாராளமாக ஓட முடியாது. கழுத்தில் விரல் அழுத்துவதற்கான குறுக்குக் கட்டைகளான மெட்டுகளும் நான்குதான். பின்னாளில் வாத்தியத்தை நிமிர்த்தி மடியில் ஊன்றியதும் இடக்கைக்கு விடுதலை கிடைத்தது. மெட்டுகள் உடல்வரை இறங்கின, விரல் வேகம் கூடியது, தகடு மறைந்தது.

ஒரு எச்சரிக்கை: தகடு இருந்தால் பழசு, விரல் இருந்தால் புதுசு என்று எளிதாக முடிவு கட்ட முடியாது. விரலால் மீட்டும் முறை ஏழாம் நூற்றாண்டிலேயே சீன அரண்மனையில் அறிமுகமாகிவிட்டது. இரண்டும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. 816இல் கவிஞர் பை ஜூயி எழுதிய புகழ்பெற்ற பிபா கவிதையில், பாட்டு முடியும் இடத்தில் தகட்டை நடுவே இழுத்து நான்கு தந்தியும் ஒரே ஒலியாக முடிவதாக வருகிறது. ஆகத் தகடு என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், கிடையாகப் பிடித்திருப்பதையும் நேற்றுப் பார்த்த மேசை, இருக்கைகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது, நீளமான தந்தி வாத்தியம். விளக்கங்களில் சிலவற்றில் ச்சின் என்றும், சிலவற்றில் ஜெங் என்றும் இருக்கும். இரண்டும் நீளப் பெட்டிதான், ஆனால் வேறு வேறு. ச்சின் ஏழு தந்தி. தந்திக்கடியில் அதைத் தாங்கும் சிறு கட்டை, அதாவது குதிரை, தனித்தனியாகக் கிடையாது. ஒரு விளிம்பில் 13 புள்ளிகள் பதித்திருக்கும். இடக்கை விரல் தந்தியை அழுத்தியபடி பலகைமேல் வழுக்கிச் செல்லும். தாங் காலத்து ஜெங்குக்கு 12 அல்லது 13 தந்தி. ஒவ்வொரு தந்திக்கும் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. வலக்கை மீட்டும், இடக்கை குதிரைக்கு மறுபக்கம் தந்தியை அழுத்தி ஸ்வரத்தை வளைக்கும். ஆக, பெயர்ச்சீட்டைப் படிக்கும் முன் தந்திகளுக்கடியில் சரிவாக வரிசை கட்டிய குதிரைகளைத் தேடுங்கள். ஓசையை வைத்து யோசித்தாலும் ஜெங் என்பதே பொருந்துகிறது. ச்சின் மிக மெல்லிய குரல் கொண்டது. ஒருவர் வாசிக்க இருவர் கேட்கும் வாத்தியம். பிலிக்கும் பிபாவுக்கும் பக்கத்தில் வைத்தால் அது கேட்கவே கேட்காது.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சுருள் இருக்கிறது. ஓவியர் ஜோ ஃபாங் பெயரால் வழங்குவது. தோட்டத்தில் ஒரு பெண் ச்சினுக்குச் சுருதி கூட்டுகிறார், இன்னொருவர் தேநீர் அருந்துகிறார், சுற்றிலும் வெற்றிடம். ச்சினுக்கு வேண்டிய அமைதி அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. இங்கே தோளோடு தோள் இடிக்கும் நெருக்கம், அதற்கேற்ற வாத்தியங்கள்.

நான்காவது ஷெங். ஒரு கிண்ணத்தில் மூங்கில் குழல்களைக் கொத்தாகச் செருகி, பக்கத்துக் குழாயில் ஊதும் வாத்தியம். 17 குழல்கள் வழக்கம். ஒவ்வொரு குழலின் அடியிலும் மெல்லிய உலோக நாக்கு, ஆர்மோனிய நாக்கின் அதே தத்துவம். குழலில் உள்ள சிறு துளையை விரலால் மூடினால்தான் அந்தக் குழல் பேசும், திறந்திருந்தால் ஊமை. மற்ற குழல்களுக்கு நேர்மாறு இது. இரண்டு உள்ளங்கைகளும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டே விரல்கள் துளைகளை மூடுகின்றன. மூச்சை உள்ளிழுத்தாலும் வெளிவிட்டாலும் ஒலிப்பதால் இடைவெளியே இல்லாமல் நீடிக்கலாம். பல குழல்களைச் சேர்த்து மூடினால் ஒத்திசைவாகக் கேட்கும். சுருதி மாறாத வாத்தியம் இது ஒன்றுதான், ஆகவே மற்றவர்கள் இதற்குத்தான் சுருதி சேர்ப்பார்கள். கெட்டுப்போவதும் எளிது. மூச்சின் ஈரம் குளிர்ந்த நாக்கில் நீராகப் படிந்தால் நாக்கு கனத்துச் சுருதி இறங்கும், ஒட்டிக்கொண்டு வாயடைத்தும் போகும். அதனால் வாசிப்பதற்கு முன்பும் இடைவேளையிலும் தணல் மேல் திருப்பித் திருப்பிக் காட்டிச் சூடேற்றுவார்கள். ஜப்பானில் ஷெங்கின் வாரிசான ஷோவை வாசிப்பவர்கள் இதை இன்றும் செய்கிறார்கள்.

ஐந்தாவது ஜோடிக் கையைப் பலர் கவனிப்பதே இல்லை. இடப்பக்கம் நிற்கும் பணிப்பெண், கையில் சப்ளாக்கட்டை. மரத்தகடுகளை ஒரு முனையில் கயிற்றால் கோத்தது, சீனத்தில் பைபான் என்பார்கள். அமர்ந்திருக்கும் பத்துப் பேரும் சீமாட்டிகள், நிற்கும் இருவர் பணிப்பெண்கள். ஆனால் கச்சேரியின் காலத்தைக் கையில் வைத்திருப்பவர் நிற்பவர்களில் ஒருவர். அந்தஸ்துக்கு மேசை, தாளத்துக்கு அவர். இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டத் தோன்றும். அவர் தட்டும் கைகளைப் பார்த்துவிட்டுப் பிபாவின் தகட்டைப் பாருங்கள். அங்கிருந்து மெதுவாக ஷெங்குக்குப் போங்கள். தட்டு, தந்தி, மூச்சு என்று மூன்று வேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும்.

நாள் 4, தைபேய்: கரண்டி

மேசை நடுவே பெரிய பாத்திரம். ஒருவர் நீண்ட பிடியுள்ள கரண்டியால் அதிலிருந்து மொண்டு தன் கிண்ணத்தில் விட்டுக்கொள்கிறார். தேநீரா, மதுவா?

கரண்டி இதற்கு விடை சொல்லாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் தானிய மதுவையும் பெரிய கலத்திலிருந்து கரண்டியால்தான் மொள்வார்கள். கிண்ணங்களைப் பாருங்கள். இருபுறமும் காது வைத்தவை மதுவுக்கு. அகன்ற வாயும் சிறு அடியும் கொண்டு, கையில் ஏந்தியிருப்பவை தேநீருக்கு. மேசையில் இரண்டுமே இருக்கின்றன. சிலர் தேநீர் பருகுகிறார்கள், சிலர் மதுவோடு விளையாடுகிறார்கள் என்பதே பொருத்தமான வாசிப்பு. எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்யாததால்தான் இது சடங்காகத் தெரியாமல் ஒரு மாலைநேரமாகத் தெரிகிறது.

அந்தத் தேநீர் இன்று நாம் நினைக்கும் தேநீர் அல்ல. தேயிலை பற்றிய முதல் பெரிய நூலை எழுதிய லு யூ (733–804) சொல்லும் முறை இது. தேயிலையை அவித்து, இடித்து, அச்சில் வார்த்துக் காயவைத்த வில்லையைத் தணலில் வாட்ட வேண்டும். ஆறியதும் உருளையில் பொடித்துச் சலிக்க வேண்டும். தண்ணீர் மீன்கண் அளவுக் குமிழ் விட்டு லேசாக ஒலிக்கும்போது முதல் கொதி. அப்போது கொஞ்சம் உப்பு. ஓரங்களில் முத்துச்சரம் போலக் குமிழ் எழும்போது இரண்டாம் கொதி. ஒரு கரண்டி நீரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, நடுவில் சுழலும்படி கலக்கி, சுழியில் பொடியைப் போட வேண்டும். அலையடித்துப் பொங்கும்போது, எடுத்துவைத்த நீரை ஊற்றி அடக்க வேண்டும். அப்போது திரளும் நுரைதான் தேநீரின் சாரம். அதை எல்லாக் கிண்ணங்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் தண்ணீர் கிழடாகிவிட்டது, குடிக்காதே என்கிறார்.

அளவும் சொல்கிறார். ஒரு படித் தண்ணீருக்கு ஐந்து கிண்ணம். தாங் காலத்துப் பெரிய படி ஏறத்தாழ 600 மி.லி.; ஆக ஒரு கிண்ணத்துக்கு 120 மி.லி. அளவு. முதல் மூன்று கிண்ணம்தான் சுவை. ஆறினால் நுரையின் சாரம் போய்விடும் என்பதால் சூடாகவே குடிக்கச் சொல்கிறார். மேசையில் இருக்கும் பாத்திரம் ஐந்து கிண்ணத்துக்கு மிகப் பெரியது. லு யூ பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார் என்றே தோன்றுகிறது. நுணுக்கமான தேநீர் ரசிகர்களின் கூட்டமல்ல இது. இசையோடு குடிக்கக் கொண்டுவைத்த பெருங்கலம்.

இன்றைய நேரத்தை அருங்காட்சியகத்தின் பீங்கான் அறைகளில் செலவிடுங்கள். தெற்கின் யுவே சூளைப் பச்சைக் கிண்ணத்தில் தேநீர் பசுமையாகத் தெரியும், வடக்கின் சிங் சூளை வெள்ளைக் கிண்ணத்தில் செம்மையாகத் தெரியும், ஆகவே யுவேதான் மேல் என்பது லு யூவின் தீர்ப்பு. மெல்லிய பச்சைப் பளபளப்பைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துவிட்டு மீண்டும் ஓவியத்துக்கு வந்தால், சிவப்பு ஆடைகளுக்கு நடுவே கிண்ணங்கள் ஏன் அவ்வளவு அடக்கமான நிறத்தில் இருக்கின்றன என்பது புரியும். தேநீர்ச் சாமான்களின் உச்சத்தைப் பார்க்க விரும்புபவர்கள் சீனப் பெருநிலத்தில் ஷான்ஷி மாகாணத்தின் ஃபாமென் கோவிலுக்குப் போகலாம். 874இல் மூடிய நிலவறை 1987இல் திறக்கப்பட்டபோது, தாங் பேரரசரின் வெள்ளித் தேநீர்ச் சாமான்கள் அதில் கிடைத்தன. பொடிக்கும் உருளை, சலிக்கும் பெட்டி எல்லாம் உண்டு.

நாள் 5, லூகாங்

கிடையாகப் பிடித்த பிபாவை உயிரோடு பார்க்கத் தைவானைவிட்டுப் போக வேண்டியதில்லை. தைபேயிலிருந்து விரைவு ரயிலில் சாங்ஹுவா, சுமார் இரண்டரை மணி நேரம். லூகாங்குக்கு ரயில் கிடையாது, சாங்ஹுவாவிலிருந்து பேருந்து. இது பழைய துறைமுக ஊர். எதிர்க்கரையில் சீனத்தின் சுவான்ஜோ. அங்கிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்த இசைதான் நான்குவான். சீனக் கரையில் அதன் பெயர் நான்யின். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

குழுவில் ஐந்து பேர். பிபா, மூன்று தந்தி சன்சியன், இரண்டு தந்தி வில் வாத்தியம், நெட்டுக்குழல், ஐந்து தகடுள்ள சப்ளாக்கட்டை. பாடுபவரே நடுவில் அமர்ந்து சப்ளாக்கட்டையைப் பிடிப்பார். ஓவியத்தில் நிற்கும் பணிப்பெண்ணின் வேலை இங்கே பாடகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மெதுவான உருப்படிகளில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு தட்டு. அந்த நீண்ட இடைவெளியைப் பிபாதான் நிரப்பி வழிநடத்தும். குழலும் வில்லும் அதன் எலும்புக்கூட்டைச் சுற்றிச் சதை வளர்க்கும். கேட்கப் போகிறவர்கள் முதலில் பிபாவை மட்டும் பின்தொடருங்கள். குழலைப் பின்தொடர்ந்தால் தாளம் எங்கே விழுகிறது என்றே பிடிபடாது.

பிபாவின் பிடியைக் கவனியுங்கள். கிடையாகத்தான். ஆனால் வலக்கையில் தகடு இல்லை, விரல்கள். பிடி தங்கிவிட்டது, தகடு போய்விட்டது.

பழைய சங்கங்களின் பயிற்சி பெரும்பாலும் மாலையில், வாரத்தில் சில நாட்கள்தான். பகலில் போய்க் கதவைத் தட்டினால் பூட்டித்தான் இருக்கும். தங்குமிடத்தில் சொல்லி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது உள்ளே வந்து உட்கார்வதை வரவேற்பார்கள், ஆனால் ஓர் உருப்படி நடக்கும்போது எழுந்து போவது மரியாதையல்ல. காத்திருக்கும் நேரத்தில் லுங்ஷான் கோவிலின் மேடைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். ஆணியில்லாமல் அடுக்கிய எண்கோண மரக் குடை விதானம்.

நாள் 6, நாரா

தகடு போன இடம் ஜப்பான். தைபேயிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் விமானம், அங்கிருந்து ரயிலில் நாரா. 756இல் பேரரசர் ஷோமு இறந்தபோது, அவருடைய பொருட்களைப் பேரரசி கோம்யோ தோதாய்ஜி கோவிலின் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றை வைத்த மரக் களஞ்சியம்தான் ஷோசோயின். மண்ணுக்கடியில் புதையாமல் தரைக்கு மேலேயே காக்கப்பட்டதால், தாங் காலத்து வாத்தியங்கள் முழு உருவோடு இங்கே மிஞ்சியிருக்கின்றன. பிபாக்கள், ஷெங், ச்சின் எல்லாம் உண்டு. தந்தத்தைச் சிவப்பாகச் சாயமேற்றி மேல்தோலைச் செதுக்கி வெள்ளையை வெளிக்கொண்டுவந்த மீட்டும் தகடும் ஒன்று உண்டு. நீளம் சுமார் 20 செ.மீ. ஓவியத்தில் ஓர் அரிசிமணி அகலத்தில் தெரியும் பொருள், உண்மையில் உள்ளங்கையைத் தாண்டி நீளும் கனமான சாமான். அந்த அளவு தெரிந்த பிறகு பிபாக்காரியின் மணிக்கட்டு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பதில் சந்தேகம் வராது.

மிகவும் புகழ்பெற்றது 108.1 செ.மீ. நீளமுள்ள ஐந்து தந்திப் பிபா. செஞ்சந்தன மரத்தில் முத்துச்சிப்பி பதித்து, தகடு படும் இடத்தில் ஆமையோட்டின் மேல், ஒட்டகத்தில் அமர்ந்து வாசிக்கும் ஒருவரைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் நம் ஓவியத்துக்கு நெருக்கமானது இன்னொன்று, 97 செ.மீ. நீளமுள்ள நான்கு தந்திப் பிபா. மேப்பிள் மரத்துக்குப் பதிமுகக் கட்டையின் சாயம் ஏற்றியது. தகடு விழும் தோல் பட்டையில் மலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை யானை, அதன் முதுகில் ஆடியும் வாசித்தும் வரும் நால்வர். இசைக் கூட்டத்தின் படத்தை, ஒவ்வொரு மீட்டும் அடியும் அதன் மேலேயே விழும் இடத்தில் வரைந்திருக்கிறார்கள்.

ஷோசோயின் கட்டடத்தை வார நாட்களில் காலை 10 முதல் மாலை 3 வரை வெளியிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள். பொருட்கள் வெளிவருவது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை இரண்டரை வாரம் போல, நாரா தேசிய அருங்காட்சியகத்தில். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பதிவு செய்தே எடுக்க வேண்டும்; நேரில் போய் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு பொருட்கள்தான் வரும், வாத்தியங்கள் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டியலை முன்பே வெளியிடுவார்கள். அதில் பிபாவும் தகடும் சேர்ந்து வரும் ஆண்டாகப் பார்த்து, அதே வாரங்களில் தைபேயிலும் ஓவியம் தொங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். வாசிப்பையும் கேட்க வேண்டுமென்றால் டிசம்பர் 17இல் காசுகா வாக்காமியா திருவிழாவுக்கு வரலாம். தணலில் காய்ச்சிய ஷோ, ஹிச்சிரிக்கி இரண்டும் திறந்தவெளியில் ஒலிக்கும் இரவு அது. நாரா டிசம்பரில் நன்றாகக் குளிரும். கையுறையும் கனமான மேலாடையும் இல்லாமல் உட்கார முடியாது.